கம்பியைக் கழற்றியவர் யார்?

கிளிவெட்டியைத் தொட்டுக்கொண்டு வெருகல் நோக்கித் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் வயல்; மாவலி கங்கையின் நீரால் விளையும் மண். கதிர் முற்றும் காலத்தில் யானைக்கு அஞ்சி இரவைக் கழிக்கும் ஊர்கள் திருகோணமலை மாவட்டத்தில் பல உண்டு. அத்தகைய ஊர்களின் எல்லையில் மின்வேலி நிற்கும். அதில் பாய்வது வீட்டு விளக்கை எரிக்கும் தொடர் மின்னோட்டம் அன்று. சில ஆயிரம் வோல்ட் அழுத்தமும் நொடியின் மிகச் சிறு பங்கே நீளமும் உடைய துடிப்பு, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக ஓடும். அது கொல்லாது, நோகச் செய்து திருப்பி அனுப்பும்.

சில காலைகளில் அவ்வேலி செத்துக் கிடக்கும். விசையை மறுபடி தட்டிவிட்டு வீடு திரும்புபவர் தொழிலுக்குப் புதியவர். பழகியவர் கம்பியின் வழியே நடப்பார். மின்கலம் தீர்ந்ததா, கொடி படர்ந்து மின்னை மண்ணுக்கு இறக்குகிறதா, மாடு சாய்த்துச் சென்ற எவரோ கொக்கியைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்தாரா, அன்றி யானையே தூணைச் சாய்த்ததா என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பார். யானை இதில் வல்லது. கம்பியைத் தீண்டாமல் தூணை மட்டும் மிதிக்கவும், மரக்கிளையை முறித்துக் கம்பிமேல் போட்டு வழி எடுக்கவும் அது கற்றுக்கொள்கிறது.

கிளிவெட்டியில் என் உறவினர் வீட்டில் உயர்தரம் படிக்கும் மருமகள் ஒருத்தி தன் மடிக்கணினியை என்முன் வைத்துச் சொன்ன முறைப்பாடே இந்த வேலியை எனக்கு நினைவூட்டியது. "மாமா, வைரஸ் கார்ட் தன்டபாட்டில ஓஃப் ஆகுது. நான் ஓன் பண்ணி விட்டாலும் விடியப் பார்த்தாத் திரும்ப ஓஃப்."

தமிழ்நாட்டார் 'ஆன்டிவைரஸ்' என்பதை இலங்கையில் நாம் 'வைரஸ் கார்ட்' என்கிறோம். எதிர்ப்பதைவிடக் காப்பதே அதன் முதன்மைத் தொழில் ஆதலால், நம்மவர் வழக்கே பொருத்தமானது என்பது என் கருத்து. நச்சுநிரலுக்கு எதிர்நிற்கும் அதனை இங்கே காவல்நிரல் என்று அழைப்போம். ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. கணினியில் 'தன்பாட்டில்' நிகழ்வது எதுவும் இல்லை. ஒரு சேவை நிற்கிறது என்றால், அதை நிறுத்தும் உரிமை உடைய ஒன்று நிறுத்தியது. அல்லது அது இயங்குவதற்குத் தேவையான ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. எனவே, 'எப்படி மறுபடி இயக்குவது' என்பது இரண்டாம் வினா. 'எவருடைய உரிமையின் பெயரால் அணைந்தது' என்பதே முதல் வினா.

அவளுடைய கணினியில் இருந்தது விண்டோஸோடு வரும் டிஃபென்டர். அதன் வரலாறு சுருக்கமானது. 2004 டிசம்பரில் மைக்ரோசொஃப்ட் 'ஜயன்ட்' என்னும் மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. அந்நிறுவனத்தின் உளவுநிரல் நீக்கியே பின்னர் டிஃபென்டர் என்று பெயர் மாறிற்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழுமையான காவல்நிரலாகி, இயங்குதளத்தோடு உடன்பிறந்தது. அதன் உடல் இரு கூறானது. ஒரு கூறு, இயங்குதளத்தின் உட்கருவில் கோப்புகள் போகும் வாயிலில் அமர்ந்திருக்கும் வடிகட்டி இயக்கி. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்தாலும் எழுதினாலும், அவ்வேண்டுகோள் வட்டுக்குப் போகும் வழியில் இதன் கையைக் கடந்தே செல்லவேண்டும். மற்றைய கூறு, வெளியே பின்னணியில் இயங்கும் சேவை. வடிகட்டி நிறுத்திவைத்த கோப்பை அது தன் அடையாளக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, நடத்தையை ஆராய்ந்து, விடு அல்லது தடு என்று விடை சொல்லும். இவ்வளவும் மனிதக் கண் இமைப்பதற்குள் முடியும்.

வாயிலில் அமர்ந்த காவலைக் கொல்லாமல் திருடன் உள்ளே போகமுடியாது என்பதை அறிந்த வடிவமைப்பாளர்கள், காவலையே காக்கும் ஏற்பாடுகளைச் செய்தனர். விண்டோஸ் 8இல், கணினி விழித்தெழும்போது ஏனைய வெளியார் இயக்கிகளுக்கு முன்னரே காவல்நிரலின் இயக்கி ஏறும் முறை வந்தது. 2013இல் விண்டோஸ் 8.1, காவல்நிரலின் சேவையைக் காப்புற்ற செயலாக்கியது. பணி மேலாளரில் அதைத் தெரிந்தெடுத்து 'முடி' என்று அழுத்திப் பாருங்கள். நிருவாகி உரிமை இருந்தும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற விடையே வரும். உட்கருவில் காவலை வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் காவல்நிரலின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்று 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் வீழ்த்தியது. வாயிற்காவலன் மயங்கி விழுந்தால் வாயிலே அடைபடும்.

இவ்வளவு காப்பு இருந்தும் கிளிவெட்டியில் ஒரு மாணவியின் மடிக்கணினியில் அது நாள்தோறும் எப்படி உறங்கிற்று? அடித்து வீழ்த்த முடியாத காவலாளியிடம், வீட்டுக்காரரின் குரலில் 'நீ போய்ப் படு' என்று சொன்னால் போதும் அல்லவா? அவன் பணிவான காவலாளி. சொன்னவர் வீட்டுக்காரர்தானா என்று அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. குரலை மட்டுமே கேட்கிறான்.

அங்கே போகுமுன் கம்பி வழியே முறைப்படி நடப்போம். முதலில் மின்கலம். இங்கு நான் சொல்வது மடிக்கணினியின் பெரிய மின்கலத்தை அன்று. மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் நாணயம்போலப் பதிந்திருக்கும் சீஆர் 2032 என்ற 3 வோல்ட் வில்லையை. அதன் பெயரே அதன் அளவு: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். சுவரில் மின் இருக்கும்வரை அது உழைப்பதில்லை. மின் போனபின் கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பதே அதன் வேலை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதையும் கண்டோம். முதுமையடைந்த வில்லையுள்ள கணினி இத்தகைய இருளுக்குப் பின் விழிக்கும்போது பல ஆண்டு பின்னோக்கிய நாளைக் காட்டும்.

நாள் பிழைத்தால் காவல் ஏன் பிழைக்கவேண்டும்? இணையத்தில் காவல்நிரல் தன் தாய் வழங்கியோடு பேசுமுன், அவ்வழங்கியின் சான்றிதழைச் சரிபார்க்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2015இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், 2025இல் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறவாதது. எனவே பொய்யானது என்று அது முடிவு செய்யும். இற்றைப்படுத்தல் நின்றுபோகும். காசு கொடுத்து வாங்கிய காவல்நிரலாயின் உரிமக் கணக்கும் குழம்பும். காவல்நிரல் அணைந்துவிட்டது என்ற முறைப்பாட்டோடு வரும் மேசைக் கணினியில் நான் முதலிற் பார்ப்பது திரையின் வலக்கோடியில் உள்ள நாளைத்தான். ஒரு வில்லையின் விலையில் தீரும் நோய்க்கு முழுக் கணினியையும் அழித்து நிறுவுபவர்களைக் கண்டிருக்கிறேன்.

இற்றைப்படுத்தல் ஏன் அவ்வளவு இன்றியமையாதது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணித விடை இருக்கிறது. கணினி நச்சுநிரலைப் பற்றி முதன்முதலில் முறையாக ஆராய்ந்த பிரெட் கோஹன், 1984ஆம் ஆண்டுக் கட்டுரையில், எல்லா நச்சுநிரலையும் பிழையின்றி அறியும் ஒரு நிரலை எவராலும் எழுத முடியாது என்று காட்டினார். அதன் சாரம் எளிது. அத்தகைய முற்றறிவுக் காவல்நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நான் ஒரு குறும்பு நிரலை எழுதுகிறேன். அது முதலில் அக்காவல்நிரலையே அழைத்து, 'நான் நச்சா?' என்று தன்னைப் பற்றிக் கேட்கும். 'ஆம்' என்றால் சும்மா இருக்கும். 'இல்லை' என்றால் பரவத் தொடங்கும். காவல்நிரல் எந்த விடையைச் சொன்னாலும் அவ்விடை பொய்யாகும். ஆகவே முற்றறிவுக் காவல் இல்லை. நாள்தோறும் புதிய அடையாளங்களைக் கற்கும் காவலே நமக்கு வாய்த்தது. கற்பது நின்ற காவல், விழித்திருந்தும் பாதி உறங்கியதே.

அடுத்தது கொடி படர்தல். ஒரே கணினியில் இரண்டு காவல்நிரல்களை நிறுவினால் காவல் இரட்டிக்கும் என்று நம்புவோர் நம்மிடையே ஏராளம். நடப்பது மறுதலை. இரண்டும் ஒரே வாயிலில் நிற்கின்றன. ஒன்று திறக்கும் கோப்பை மற்றது தடுத்துப் பார்க்க, அது பார்ப்பதை முதலது தடுத்துப் பார்க்க, கணினி மூச்சடைக்கும். இந்தப் பூசலைத் தவிர்க்கவே, வேறொரு காவல்நிரல் தன்னை விண்டோஸில் பதிவு செய்தவுடன் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. இது நோய் அன்று, நாகரிகம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 ஆயினும் வேறெந்த நாட்டுக் காவல்நிரல் ஆயினும் இதுவே முறை. தொல்லை பிறகு வருகிறது. புதுக் கணினியோடு இலவசமாக வந்த ஒத்திகைக் காவல்நிரலின் தவணை முடியும். அதை அரைகுறையாக அழிப்போம். பதிவு மட்டும் எச்சமாக நிற்கும். வந்தவன் போய்விட்டான், அவன் நிற்பதாக எண்ணி வீட்டுக் காவலாளி இன்னும் திண்ணையில் படுத்திருக்கிறான். ஒவ்வொரு காவல்நிரல் நிறுவனமும் தன் எச்சத்தைத் துடைக்கத் தனியான நீக்குநிரல் ஒன்றை வழங்குகிறது. அதை இயக்கி, கணினியை மீளத் தொடக்கினால் பெரும்பாலும் டிஃபென்டர் எழுந்துவிடும்.

வட்டுப் பழுதாலோ மின்தடையாலோ காவல்நிரலின் சொந்தக் கோப்பே சிதைவதும் உண்டு. இற்றைப்படுத்தல் எழுதப்படும் நடுக்கணத்தில் மின் போனால், விண்டோஸின் கோப்பு முறைமை தன் அட்டவணையைக் காத்துக்கொள்ளும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்த உறுதி இல்லை. இதற்கு விண்டோஸிலேயே உள்ள 'சிஸ்டம் ஃபைல் செக்கர்' சிலவேளை உதவும்.

மருமகளின் மடிக்கணினியில் இவை ஒன்றும் இல்லை. நாள் சரி. வேறு காவல்நிரல் இல்லை. வட்டு நலம். ஆனால் 'விண்டோஸ் செக்கியூரிட்டி' பக்கத்தைத் திறந்தபோது, உடனடிக் காவலின் விசை சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடந்தது. அதன்மேல், இவ்வமைப்பை உங்கள் நிருவாகி கட்டுப்படுத்துகிறார் என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. பெரிய அலுவலகத்துக் கணினியில் இவ்வரி இயல்பானது. அங்கே தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஒரே கட்டளையால் நூறு கணினிகளை ஆளும். வேளாண் குடும்பத்து வீட்டில், மேசையில் உயர்தர வினாத்தாள்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றை மடிக்கணினிக்கு நிருவாகி யார்? "நீதான் நிருவாகி" என்றேன். "நான் ஒண்டும் செய்யேல்ல மாமா" என்றாள். இருவர் சொன்னதும் உண்மை.

வீட்டுக் கணினியில் இந்த வரியைக் கண்டால் அதனை ஒரு சாட்சியமாகக் கொள்ளுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவகத்தில் கொள்கைப் பகுதி என்று ஓரிடம் இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட மதிப்பு, திரையில் நாம் தட்டும் விசையை விட மேலான ஆணை. விசையால் உடனடிக் காவலை அணைத்தால் விண்டோஸ் சிறிது நேரத்தில் தானே அதை மீண்டும் எழுப்பும். கொள்கையால் அணைத்தால் எழுப்பாது. காவல்நிரல் நெடுநேரம் அணைந்தே இருக்கிறது என்றால், அது எவரோ விசையைத் தொட்டதனால் அன்று, ஆணையை எழுதியதனால்.

எழுதிய கையைக் காட்டும் நாட்குறிப்பு கணினிக்குள்ளேயே இருக்கிறது. நிகழ்வு நோக்கியைத் திறந்து, விண்டோஸ் டிஃபென்டருக்குரிய செயற்பாட்டுப் பதிவேட்டுக்குப் போகவேண்டும். அங்கே எண்களே மொழி. 5001 என்றால் உடனடிக் காவல் அணைக்கப்பட்டது. 5007 என்றால் அமைப்பு மாற்றப்பட்டது. எந்த மதிப்பு எதிலிருந்து எதுவாக மாறிற்று என்பதும் அதன் கீழே இருக்கும். 5013 என்றால் மாற்ற முயன்ற ஒன்றைத் தடுத்தாயிற்று. 1116 என்றால் தீநிரல் ஒன்று அகப்பட்டது. பெரும்பாலான பழுதுபார்ப்போர் இப்பதிவேட்டைத் திறப்பதே இல்லை என்பது என் மனக்குறை. நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்கும் குறிப்பேட்டைப் படிக்காமல் மருந்து எழுதும் மருத்துவரை நாம் பொறுப்போமா?

அவளுடைய பதிவேட்டில் 5007உம் 5001உம் இணைபிரியாச் சோடியாக, காலைதோறும் வரிசையாக நின்றன. நேரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அவள் கணினிக்குள் புகுந்து ஒரு நிமிடத்துக்குள். மனிதக் கை இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. இவ்வொழுங்கு பணி அட்டவணைக்கு உரியது. அட்டவணையைத் திறந்தால், ஏதோ இற்றைப்படுத்தும் நிரல் போலப் பெயர் சூடிய ஒரு பணி, பயனர் உட்புகும்போதெல்லாம் மிக உயர்ந்த உரிமையோடு இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. காவலை அணைக்கும் ஆணையை அதுவே நாள்தோறும் மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. தொடக்கி வைத்தவர் எவர் என்பதும் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் கடையொன்றில் அக்கணினியை 'ஃபோமட்' செய்து கொடுத்திருந்தார்கள். விண்டோஸையும் ஆவண எழுதியையும் உரிமம் இல்லாமலே இயங்கவைக்கும் உடைப்புநிரல் இடப்பட்டிருந்தது. அதற்கு இடையூறாக இருக்கும் என்று காவலின் காவலான 'டாம்பர் புரொடெக்‌ஷன்' முதலிலேயே அணைக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும், ஏனெனில் நம் நாட்டில் அணையும் காவல்நிரல்களின் கதை பெரும்பாலும் இங்கேயே முடிகிறது. உடைப்புநிரலோடு வரும் குறிப்பில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: வைரஸ் கார்டை அணைத்துவிட்டு நிறுவுக. உள்ளே வரப்போகும் விருந்தாளி, முதலில் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டுகிறோம். மைக்ரோசொஃப்ட் இதை அறியாமல் இல்லை. 2019இல் விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்போடு டாம்பர் புரொடெக்‌ஷன் வந்தது. அது விழித்திருக்கும்வரை பதிவகத்தில் எழுதும் ஆணைகளால் காவலை உறங்கவைக்க இயலாது. 2020 ஓகஸ்டில், டிஃபென்டரை முற்றாக அணைக்கப் பல்லாண்டாகப் பயன்பட்டுவந்த பழைய பதிவக மதிப்பொன்றையும் வீட்டுக் கணினிகள் இனிப் பொருட்படுத்தா என்று அறிவித்தார்கள். ஆனால் டாம்பர் புரொடெக்‌ஷனுக்கும் ஒரு விசை உண்டு. அதைச் சுட்டியால் தட்டி அணைப்பதற்கு மனிதக் கை வேண்டும். அந்தக் கையை நாமே கொடுக்கிறோம்.

கடைக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது, நேர்மை அன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ ஒட்டியது. டொலரில் விலை குறிக்கப்பட்ட உரிமம் நெல் விற்று வாழும் குடும்பத்துக்கு எட்டாக்கனி. ஆயினும் இதில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. உரிமத்திறப்பு இடாத விண்டோஸிலும் டிஃபென்டர் இயங்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். திரையோரத்தில் ஒரு மங்கிய எழுத்தும், பின்புலப் படத்தை மாற்ற முடியாமையுமே தண்டனை. உரிம விதிப்படி அது முறையான நிலை ஆகாது என்பது வேறு. ஆனால் உடைப்புநிரலால் நாம் வாங்குவது அம்மங்கிய எழுத்தின் மறைவை, விற்பது காவலை. ஆவணம் எழுதுவதற்கு லிப்ரே ஒஃபிஸ் விலையின்றிக் கிடைக்கிறது. பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய பாடக்குறிப்புகளையும், அவ்வெழுத்துரு கணினியில் இருந்தால், அது திறந்து காட்டும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. கணினியில் ஒரே ஒரு பயனர் கணக்கு, அதுவே நிருவாகிக் கணக்கு. பாட்டுக் கேட்பதும் பாடம் எழுதுவதும் வீட்டுக்காரரின் திறவுகோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே நடக்கும். அந்நிலையில் திறக்கப்படும் எந்தக் கோப்பும் வீட்டுக்காரரின் குரலைப் பெற ஒரே ஒரு 'யெஸ்' போதும். அன்றாட வேலைக்கு உரிமை குறைந்த கணக்கொன்றைத் தனியே வைத்துக்கொண்டால், காவலை அணைக்கும் ஆணைக்கு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கப்படும். காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டைக் கிழக்கில் நான் பார்த்த வீட்டுக் கணினிகளில் விரல்விட்டு எண்ணுமளவே கண்டேன்.

இனி யானை. 2008 ஒக்டோபர் 23இல் மைக்ரோசொஃப்ட் விண்டோஸுக்கு ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அதை இடாத கணினிகளைத் தேடி அடுத்த மாதமே புறப்பட்டது கொன்ஃபிக்கர் என்னும் புழுநிரல். உட்புகுந்தவுடன் அது விண்டோஸின் இற்றைப்படுத்தும் சேவையையும் டிஃபென்டரையும் பாதுகாப்பு மையத்தையும் பிழை அறிவிக்கும் சேவையையும் நிறுத்தியது. அதோடு அமையாமல், காவல்நிரல் நிறுவனங்களின் தளப்பெயர்களைக் கணினி தேடும்போது விடை கிடைக்காமல் செய்தது. ஏனைய தளங்கள் எல்லாம் திறக்க, மருந்துக்கடைகள் மட்டும் அடைபட்டிருக்கும் ஊரைப் போன்றது அந்நிலை. அதை இயற்றியவர்களைக் காட்டித் தருவோருக்கு 2009 பெப்ரவரியில் 250,000 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. 2003 முதல் உருமாறி வரும் சாலிட்டி என்னும் நச்சுநிரல் இன்னும் நுட்பமானது. காவல்நிரல்களைக் கொல்வதோடு, பணி மேலாளரையும் பதிவகத் திருத்தியையும் முடக்கும். கணினியைப் 'பாதுகாப்பு முறை'யில் எழுப்புவதற்கு வேண்டிய பதிவுகளையும் அழித்துவிடும். நோய் வந்த வீட்டில் மருத்துவர் வரும் பாலத்தையே உடைக்கும் பகை.

இவ்விரண்டும் பென் டிரைவ் வழியே பரவின. திருகோணமலையிலோ மூதூரிலோ கிளிவெட்டியிலோ ஒரு 'கொம்யூனிகேஷன்' கடையில் அரை மணிநேரம் அமர்ந்து பாருங்கள். கடந்தகால வினாத்தாளை அச்சிடவும், அடையாள அட்டையை நகலெடுக்கவும், வேலைக்கு விண்ணப்பம் தட்டச்சிடவும் எத்தனை பென் டிரைவ்கள் ஒரே கணினியின் ஒரே துளையில் வந்துபோகின்றன! அங்கிருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்குத் திரும்புகிறது. இணையம் இல்லாத வீட்டுக் கணினிக்கு நச்சு எப்படி வந்தது என்று வியப்பவர்கள் இந்தத் துளையை நினைத்துக்கொள்ளட்டும். அச்சுக்குக் கொடுக்கும் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவது மேல்.

காப்புற்ற சேவையையும் வீழ்த்தும் யானைகள் இப்போது தோன்றியுள்ளன. 2020 பெப்ரவரியில் சோஃபோஸ் நிறுவனம் ரொபின்ஹுட் என்னும் பிணைப்பண நிரலின் புதுத் தந்திரத்தை வெளியிட்டது. பெயர்பெற்ற வன்பொருள் நிறுவனமொன்றின் பழைய இயக்கியை அது தன்னோடு கூட்டி வந்தது. இயக்கியின் கையொப்பம் உண்மையானது. அதனால் விண்டோஸ் தடையின்றி ஏற்றுக்கொண்டது. அதில் முன்பே அறியப்பட்ட ஓட்டை இருந்தது. அவ்வோட்டை வழியே உட்கருவுக்குள் நுழைந்து, காவல்நிரல்களை உள்ளிருந்தே கொன்றது. இதனாலேயே, ஓட்டையுள்ள இயக்கிகளின் தடைப்பட்டியல் 2022இன் விண்டோஸ் 11 பதிப்பில் இயல்பாகவே இயங்கும்படி செய்யப்பட்டது. வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் கொக்கியைக் கழற்றும் கை. இத்தகைய யானை மிகுதியும் நிறுவனங்களையே நாடும்.

ஆயினும் அணைந்த காவல்நிரலைக் கண்டவுடன், யானைதான் என்று கொண்டு முதலடி வைப்பதே நன்று. இணையத்தைத் துண்டியுங்கள். டாம்பர் புரொடெக்‌ஷனை இயக்குங்கள். பின் 'டிஃபென்டர் ஒஃப்லைன்' ஆய்வைத் தொடக்குங்கள். அது கணினியை மீளத் தொடக்கி, விண்டோஸ் முழுதாக விழிக்குமுன் வேறொரு சிறு சூழலில் இருந்து வட்டைத் துழாவும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். உறங்கும் பகையைத் தேடுவதால் பகைக்கு அங்கே கை ஓங்காது. முடிந்தபின் பதிவேட்டைப் படியுங்கள். அட்டவணைப் பணிகளையும் விலக்குப் பட்டியலையும் பாருங்கள். விலக்குப் பட்டியலில் சி இயக்ககம் முழுவதும் இடப்பட்டிருந்தால், உங்கள் காவல்நிரல் விழித்திருந்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டே விழித்திருக்கிறது. மறுநாள் மறுபடி அணைந்தால் வாதிட வேண்டா. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, வேறொரு தூய கணினியில் உருவாக்கிய நிறுவு வட்டால் விண்டோஸைப் புதிதாக இடுங்கள். காவல் இல்லாத நாள்களில் தட்டச்சிட்ட கடவுச்சொற்கள் எல்லாம் களவுபோனவை என்றே கொண்டு, வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

எடுத்து வைத்தல் என்று சொன்னேனே, அதன் அருமையைக் கொழும்பு கற்ற விதம் எல்லார்க்கும் தெரிந்ததே. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமையைப் பிணைப்பண நிரலொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் அழிந்தன. அக்காலத்துக்குப் பிரித்து வைத்த படி இல்லை. அங்கு இயங்கியது, அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்த 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள். புதுப்பிக்கப் பணம் போதாமையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உயர்தர மாணவியின் வீட்டுக்கும் அரசின் வழங்கிக் கூடத்துக்கும் இடையே காரணத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

மருமகளின் கணினியில் ஒஃப்லைன் ஆய்வு பிடித்துக் கொடுத்தது அவ்வுடைப்புநிரலை மட்டுமே. 'ஹக்டூல்' என்று பெயரிட்டு அடைத்து வைத்தது. வேறொன்றும் அகப்படவில்லை. பல மாதம் கதவு திறந்து கிடந்த வீட்டில் அகப்படாததை இல்லாதது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். அவளுக்குக் கடவுச்சொல்லோடு நிருவாகிக் கணக்கு ஒன்று, அன்றாடப் படிப்புக்கு வேறொன்று. காவல் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக உலகெங்கும் ஒப்புக்கொண்ட ஐகார் சோதனைக் கோப்பு ஒன்று உண்டு: 68 எழுத்துகள், தீங்கு எதுவும் இல்லாதவை, எல்லாக் காவல்நிரல்களும் நச்சு என்று கூச்சலிடக் கற்பிக்கப்பட்டவை. அதை எழுதிச் சேமித்தேன். இமைக்குமுன் டிஃபென்டர் பறித்துக்கொண்டது. பதிவேட்டில் 1116 விழுந்தது. மறுநாள் விடியவும் விழித்தே இருந்தது.

அக்கணினியில் உள்ளது விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. டிஃபென்டருக்கான அடையாளக் குறிப்புகள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும்.